ஆர்ச்சர்ட் சாலை கிறிஸ்துமஸ் ஒளியூட்டு: எங்கே தொடங்கி, எப்படி நடந்து, எதையெல்லாம் பார்ப்பது

டிசம்பரில் சிங்கப்பூர் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆர்ச்சர்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, அயன் கடைத்தொகுதி வாசலில் நிற்கும் பெரிய மரத்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் அண்ணாந்து பார்த்துவிட்டு, வெக்கை தாங்காமல் குளிர்சாதனத்துக்குள் போய்விடுகிறார்கள். அதோடு ஆர்ச்சர்ட் சாலை பார்த்தாயிற்று என்று கணக்கு. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், ஏனென்றால் அந்த விளக்குகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்ப்பதற்காகவே அமைக்கப்படுகின்றன. நடுவில் நின்று பார்த்தால் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள், எப்படி நடப்பது என்று சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. இந்த ஒளியூட்டு 1984இல் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகளை இழுப்பதற்காகச் செய்தார்கள், பிறகு நிற்கவே இல்லை. சாலையில் இருக்கும் வணிகர்களின் சங்கம் நடத்துகிறது, சிங்கப்பூர் பயணத்துறைக் கழகம் கைகொடுக்கிறது. வழக்கமாக நவம்பர் நடுவில் ஏற்றுவார்கள், புத்தாண்டு வரை எரியும். கருப்பொருளும் நிறமும் ஆண்டுதோறும் மாறும், அதனால் போன முறை பார்த்தவர்களும் தாராளமாக மறுபடி வரலாம். இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பார்ப்பது எளிது. ஒன்று, சாலை முழுவதற்கும் பொதுவானது: குறுக்கே கட்டிய வளைவுகள், மரங்களில் சுற்றிய விளக்குகள். இன்னொன்று, ஒவ்வொரு கடைத்தொகுதியும் தன் செலவில் தன் முகப்பிலும் முற்றத்திலும் எழுப்பும் மரம், பொம்மை, குகை, கோட்டை எல்லாம். பொதுவானது ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, ஓரிடத்தில் சட்டென்று நிறத்தை மாற்றும், அந்த இடம் எது என்று கவனிப்பதே ஒரு சுகம். கடைகளுடையது ஒன்றோடொன்று போட்டி போடும். இரண்டையும் கலந்து பார்த்தால் எல்லாம் ஒரே மினுமினுப்பாகத்தான் தெரியும்.

எந்த நாள் போவது? திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள், டிசம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு கூட்டம் தோளோடு தோள் உரசும், சில சமயம் சாலையின் சில பகுதிகளை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள், காவலர்கள் கூட்டத்தை ஒரே பக்கமாக நகர்த்துவார்கள். அந்த உற்சாகம் பிடித்தவர்கள் அதற்காகவே வாருங்கள், நல்ல அனுபவம்தான். ஆனால் அலங்காரங்களை நின்று பார்க்க வேண்டும் என்றால், வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட இருந்தால், அந்த இரவு வேண்டாம்.

எத்தனை மணிக்கு? டிசம்பரில் இங்கே சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு மறையும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இருட்டு மளமளவென்று இறங்கிவிடும், ஊரில் பார்க்கிற மாதிரி நீண்ட அந்திப்பொழுது கிடையாது. சூரியன் மறைந்த பிறகு ஒரு இருபது நிமிடம் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். அப்போது விளக்கும் தெரியும், கட்டடமும் தெரியும், மரத்தின் இலையும் தெரியும். நல்ல படங்கள் எல்லாம் அந்த நேரத்தில் எடுத்தவைதான். அதனால் ஆறரைக்கே நடையின் தொடக்கத்தில் நின்றுவிடுங்கள். கடைத்தொகுதிகள் பெரும்பாலும் பத்து மணி வாக்கில் மூடும், சாலை விளக்குகள் அதற்குப் பிறகும் எரியும். உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் பத்துக்குள் முடித்துக்கொண்டு, வெளியே இருப்பதை மிச்சம் வையுங்கள்.

மழை வரும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் இது, டிசம்பர் சிங்கப்பூரின் ஈரமான மாதங்களில் ஒன்று. மடக்குக் குடை கட்டாயம். மழை பெய்து நின்ற பிறகு தார்ச்சாலை முழுக்க விளக்குகள் கவிழ்ந்து தெரியும், அந்த அரை மணி நேரத்துக்காக நான் மழையை வேண்டிக்கொள்வேன். வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், கடைத்தொகுதி வாசல் படிகளில் பளிங்கு போட்டிருப்பார்கள், ஈரத்தில் ஆபத்து.

சரி, எங்கே தொடங்குவது. டேங்ளின் முனையில். தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில்பாதையில் ஆர்ச்சர்ட் பொலிவார்ட் என்று ஒரு நிலையம் 2022 நவம்பரில் திறந்தார்கள், அங்கே இறங்கினால் டேங்ளின் மால் கொஞ்ச தூரம்தான். அங்கிருந்து கிழக்கே நடந்தால் முடிவது தோபி காட் பக்கம் பிளாசா சிங்கப்பூராவில். சும்மா நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தூரம். நின்று பார்த்து, சாப்பிட்டு, உட்கார்ந்து போனால் மூன்று மணி நேரம் ஆகும்.

ஏன் இந்தத் திசை? ஆர்ச்சர்ட் சாலை ஒருவழிப் பாதை, வண்டிகள் டேங்ளினிலிருந்து தோபி காட் நோக்கித்தான் ஓடும். நீங்களும் அதே பக்கமாக நடந்தால் உங்கள் கண்ணில் படுவது வண்டிகளின் சிவப்புப் பின்விளக்குகள், அது வளைவுகளோடு சேர்ந்து அழகாக இருக்கும். எதிர்த்திசையில் வந்தால் முன்விளக்குகளின் வெள்ளை வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும், கைப்பேசியில் படம் எடுத்தால் பாதி வெளுத்துப்போகும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால்கூட உங்கள் நடை மற்றவர்களுடையதைவிட நன்றாக அமையும்.

டேங்ளின் மாலில் பல ஆண்டுகளாக நுரையால் செயற்கைப் பனி பொழிய வைப்பார்கள், குழந்தைகள் அதில் நனைந்து ஆடும். நீங்கள் வரும் ஆண்டில் உண்டா, எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்துக்கொண்டு போங்கள், மாற்றுத்துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இல்லாவிட்டால் அங்கே அதிக நேரம் வேண்டாம். ஃபோரம் கடைத்தொகுதியைக் கடந்து நடந்தால் வீலாக் பிளேஸின் கண்ணாடிக் கூம்பு வரும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்தது. கட்டடமே கூம்பு வடிவம், அதனால் கிறிஸ்துமஸ் மரம் ஆவதற்கு அதற்குப் பெரிய வேலை இல்லை, விளக்கு போட்டால் போதும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்காமல் கொஞ்சம் தள்ளி, சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்தது அயன். 2009இல் திறந்தது. இங்கேதான் எல்லாரும் நிற்பார்கள், வாசல் மரத்தைச் சுற்றி வரிசையே இருக்கும். நீங்கள் மரத்தைப் பார்த்துவிட்டு, பேட்டர்சன் சாலை மூலைப் பக்கம் கொஞ்சம் கண்ணைத் திருப்புங்கள். பெரிய ஜாதிக்காய் ஒன்று, மேல்தோடு வெடித்து, உள்ளே சிவப்பு ஜாதிபத்திரி தெரிய நிற்கும். வெண்கலச் சிற்பம். செய்தவர் குமாரி நாகப்பன், மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றும் கலைஞர், நம்மவர். ஜாதிக்காய் எதற்கு இங்கே என்றால், இந்தச் சாலை முழுவதும் ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டம்தான். 1830களிலும் 40களிலும் வெள்ளைக்காரர்கள் போட்டிபோட்டு நட்டார்கள், 1850களில் நோய் விழுந்து எல்லாம் அழிந்தது. சாலையின் பெயரில் இருக்கும் தோட்டம் அதுதான். பண்டிகைக்காக வைத்து ஜனவரியில் கழற்றிப்போகும் அலங்காரங்களுக்கு நடுவே, இந்த மண்ணின் கதையைச் சொல்லிக்கொண்டு ஆண்டு முழுவதும் நிற்கும் சிற்பம் இது. அதன் முதுகில் பை மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. தயவுசெய்து இரண்டு நிமிடம் நின்று சுற்றிப் பாருங்கள். குழந்தைகளிடம் பிரியாணியில் போடும் ஜாதிக்காய் இதுதான் என்று சொல்லுங்கள், உடனே ஒட்டிக்கொள்வார்கள். அதே வாசலில் வண்ண வண்ணமாக நிற்கும் மனித உருவங்கள் சுவிஸ் சிற்பி கர்ட் மெட்ஸ்லர் செய்தவை, அவையும் நிரந்தரம்தான், கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அயன் நிற்கும் இந்தச் சாலைச் சந்திப்பில் சாலையின் மேல் நேராகக் கடக்க முடியாது, புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் திணறுவார்கள். அயன், டாங்ஸ், ஷா ஹவுஸ், வீலாக் நான்கையும் சுரங்கப்பாதைகள் இணைக்கின்றன. கீழே இறங்கி, மேலே தொங்கும் பலகையைப் பார்த்து நடங்கள். அயனிலிருந்து விஸ்மா ஆட்ரியா, அங்கிருந்து தக்காஷிமாயா என்று மழை நாளில் நிலத்தடியிலேயே போய்விடலாம். ஆனால் மழை இல்லாத நாளில் அந்த வசதிக்கு மயங்கி உள்ளேயே நடந்துவிடாதீர்கள், வெளியே இருப்பது முழுக்கப் போய்விடும்.

டாங்ஸ், பச்சை ஓட்டுக் கூரையோடு சீன அரண்மனை போல இருக்கும் கட்டடம். அதைத் தொடங்கிய சி. கே. டாங் 1958இல் இந்தச் சாலைக்கு வந்தபோது இது கடைவீதியே இல்லை, எதிரே கல்லறைத் தோட்டம் இருந்தது, அதைப் பார்த்து மற்ற வணிகர்கள் ஒதுங்கினார்கள். அவர் தீவிரமான கிறிஸ்தவர், பல காலம் ஞாயிற்றுக்கிழமை கடையையே திறக்கவில்லை. இன்றைக்கு ஆர்ச்சர்ட் சாலையில் கிறிஸ்துமஸ் என்றால் வெறும் விற்பனைதான் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அந்தக் குறையில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2018இல் சாலை முழுக்க டிஸ்னி கதாபாத்திரங்களால் அலங்கரித்தபோது, சிங்கப்பூர் தேவாலயங்களின் தேசிய மன்றம் இதில் கிறிஸ்துமஸ் எங்கே என்று கேட்டது. சரியான கேள்வி. அதனால் நடக்கும்போது குடில் எங்காவது வைத்திருக்கிறார்களா, மாட்டுத்தொழுவமும் குழந்தையும் எங்காவது தென்படுகின்றனவா என்று தேடுங்கள்.

தக்காஷிமாயா இருக்கும் நீ ஆன் சிட்டி கட்டடத்தின் முன் உள்ள பெரிய முற்றத்தில் பெரும்பாலும் ஏதாவது கிறிஸ்துமஸ் சந்தையோ ராட்டினமோ மேடையோ இருக்கும். சிறுசுகளுக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்குக் கொஞ்சம் இரைச்சல். எதிர்ப்பக்கம் பாரகன் கடைத்தொகுதி முன்னால் இருக்கும் மரங்களும் காட்சிகளும் பொதுவாக அடக்கமாக, நுணுக்கமாக இருக்கும், எனக்கு இவைதான் பிடிக்கும். ஒவ்வொரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் ஏதாவது சின்னக் காட்சி அமைத்திருப்பார்கள். அதைப் படம் எடுக்கக் கைப்பேசியின் வில்லையைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், உங்கள் நிழலும் தெரு விளக்கும் அதில் விழாது. பளிச்சொளியை அணைத்துவிடுங்கள். சாலை வளைவுகளை எடுக்கும்போது திரையில் இருப்பதிலேயே பிரகாசமான விளக்கின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், பரவாயில்லை, விளக்கின் உண்மையான நிறம் கிடைக்கும்.

நடக்கும்போது மரங்களையும் கவனியுங்கள். இந்தச் சாலையில் விரிந்து நிற்பவற்றில் நிறைய அங்சானா மரங்கள், நம் வேங்கை மரத்தின் இனம். விளக்குச் சரங்களை வெறும் அடிமரத்தில் சுற்றியிருக்கிறார்களா, கிளைகளிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்து அந்த ஆண்டின் ஒளியூட்டே வேறு மாதிரி ஆகிவிடும். தொங்கவிட்ட ஆண்டுகளில் காற்று அடித்தால் முழுச் சாலையும் அசையும்.

இதுவரை கீழேயிருந்து பார்த்தோம், இனி மேலேயிருந்து. கெய்ர்ன்ஹில் சாலை மூலையில் டிசைன் ஆர்ச்சர்ட் என்று ஒரு தாழ்வான கட்டடம், 2019இல் திறந்தது, வோஹா என்ற சிங்கப்பூர்க் கட்டடக் கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் கூரை படிப்படியாகச் செடிகளோடு ஏறிப்போகும், யாரும் போய் உட்காரலாம், காசு இல்லை. ஆனாலும் கூட்டம் குறைவு, ஏனோ கண்ணில் படுவதில்லை. விளக்குச் சரங்கள் ஏறக்குறைய உங்கள் கண் மட்டத்துக்கு வந்துவிடும். தண்ணீர் குடித்து, காலை நீட்டி, பத்து நிமிடம் உட்காருங்கள். அதற்கு அடுத்து சாமர்செட் எம்ஆர்டி நிலையத்தின் பக்கம் ஆர்ச்சர்ட் கேட்வேயின் கண்ணாடிப் பாலம் சாலைக்குக் குறுக்கே போகும். அதன் மேல் நின்றால் வண்டிகளும் வளைவுகளும் ஒரே நேர்கோட்டில் தெரியும். கண்ணாடி பிரதிபலிக்கும், அதனால் மறுபடியும் வில்லையை ஒட்டிவைக்கிற அதே வழிதான்.

சோர்வாக இருந்தால் எமரால்ட் ஹில்லுக்குள் திரும்புங்கள். பெரனாக்கன் (சீன, மலாய் மரபுகள் கலந்த) பாணி வரிசை வீடுகள், அகலமில்லாத தெரு, பெருஞ்சாலையின் சத்தம் அப்படியே அடங்கிவிடும். மக்கள் குடியிருக்கும் வீடுகள் அவை, சன்னலுக்குள் எட்டிப்பார்த்துப் படம் எடுக்க வேண்டாம். சில வாசல்களில் வீட்டுக்காரர்களே தொங்கவிட்ட சின்ன மாலை இருக்கும், அது போதும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. சாலையோரம் பெரியவர்கள் தள்ளுவண்டியில் பனிக்கூழ் விற்பார்கள், கட்டியாக வெட்டி வண்ண ரொட்டியில் மடித்துத் தருவார்கள், ஓரிரு வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்), கட்டாயம் வாங்குங்கள். தக்காஷிமாயா நிலத்தடியில் எல்லாம் கிடைக்கும், ஆனால் வார இறுதியில் உட்கார இடம் கிடைக்காது. காப்பியும் காயா (தேங்காய்ப்பால், முட்டை சேர்த்த இனிப்புக் கூழ்) தடவிய ரொட்டியும் என்றால் சாமர்செட்டிலிருந்து கில்லினி சாலைக்குப் போய்விடலாம். நல்ல சைவச் சாப்பாடு வேண்டும் என்றால் நடையை முடித்துவிட்டு தோபி காட்டில் ஊதா நிற ரயில் ஏறுங்கள், அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா, 1947இலிருந்து இருக்கும் கோமள விலாஸ் உட்பட உங்களுக்குத் தெரிந்த ருசி எல்லாம் அங்கே. தண்ணீர் பாட்டில் வாங்கிச் செலவழிக்க வேண்டாம், இங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

இரண்டு சட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் குறித்த இடங்களைத் தவிர எங்கும் புகைக்கக் கூடாது. இரவு பத்தரைக்கு மேல் காலை ஏழு மணிவரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. இரண்டுக்கும் அபராதம் உண்டு, பண்டிகை என்று விட்டுவிட மாட்டார்கள்.

நடக்க முடியாதவர்கள் உங்களோடு இருந்தால் அவர்களுக்கும் வழி இருக்கிறது. டேங்ளின் பக்கத்தில் 7 அல்லது 106 போன்ற பேருந்தில் ஏறி, இரட்டை மாடி வண்டி வந்தால் மேல்மாடியில் முன்வரிசையைப் பிடியுங்கள். வளைவுகளுக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைந்து போவீர்கள். நெரிசலில் பேருந்து ஊர்ந்துதான் போகும், இந்த ஒரு நாளைக்கு அது நமக்கு நல்லது. படி ஏற முடியாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் இடப்பக்க சன்னலோரம், கடைத்தொகுதிகளின் முகப்பு நன்றாகத் தெரியும். வங்கி அட்டையைத் தட்டியே கட்டணம் செலுத்தலாம், இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள்.

கடைசிப் பகுதி, சாமர்செட்டுக்கும் பிளாசா சிங்கப்பூராவுக்கும் இடையில், அலங்காரம் கொஞ்சம் இளைத்துவிடும், நிறையப் பேர் அதற்கு முன்பே திரும்பிவிடுவார்கள். நம் ஆட்கள் திரும்பக் கூடாது என்பேன். தோபி காட் என்ற பெயரே சென்னைப் பக்கமிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்களால் வந்தது. இங்கே ஓடிய ஓடையில் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். இப்போது எம்ஆர்டி நிலையம் இருக்கும் இடத்தருகே சிவன் கோயில் ஒன்று இருந்தது. 1980களில் ரயில் பணிக்காக அதை இடம் மாற்றினார்கள், இன்று கேலாங் ஈஸ்டில் இருக்கிறது. எதிரே நிற்கும் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் 1878இல் கட்டியது, வெள்ளை நிறத்தில் விளக்கொளியில் மிக அழகு. கோயிலும் தேவாலயமும் துவைதுறையும் ஒரே இடத்தில் இருந்த அந்தச் சாலையை நினைத்துக்கொண்டு இந்தக் கடைசி நீளத்தை நடந்தால், விளக்கு குறைவு என்பது பெரிதாகத் தெரியாது.

இன்னும் தெம்பிருந்தால் பிராஸ் பாசா சாலையில் இறங்கி நடங்கள். ஸ்டாம்ஃபோர்டு சாலையில் தேசிய அரும்பொருளகம், அங்கே குமாரி நாகப்பன் செய்த பெரிய வெண்கல மிளகாய் நிற்கிறது, ஜாதிக்காயைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்துவிடுவது நல்லது. அப்படியே போனால் நல்ல மேய்ப்பர் பேராலயம், 1847இல் முடிந்தது, சிங்கப்பூரின் மிகப் பழைய கத்தோலிக்க தேவாலயம். அதை ஒட்டி சைம்ஸ் வளாகம், பழைய கன்னியர் மடத்தின் புல்வெளியைச் சுற்றி டிசம்பரில் விளக்கு போட்டிருப்பார்கள், உட்காரவும் இடம் இருக்கும்.

24ஆம் தேதி இரவுதான் உங்களால் வர முடியும் என்றால், சாலையை எட்டரைக்குள் முடித்துவிட்டுத் தமிழ்ப் பூசைக்குப் போங்கள். ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து அன்னை ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டியது, ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். பூசை நேரத்தை ஆலயத்தின் அறிவிப்பில் அந்த ஆண்டுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே போனால்தான் உள்ளே இடம் கிடைக்கும். திரும்பும் ரயில் கடைசியாக எத்தனை மணிக்கு என்பதையும் முன்பே பாருங்கள், பண்டிகை முன்னிரவில் வழக்கமாக நேரத்தை நீட்டிப்பார்கள், ஆனால் எல்லாப் பாதையிலும் ஒரே அளவு நீட்டிப்பதில்லை.